குறட்டை நின்றால் கவனியுங்கள்

மாணவர்களே, தாத்தாவின் குறட்டை திடீரென நின்று, சற்று நேரத்தில் திணறலுடன் மீண்டும் தொடங்குகிறதா? அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு மூச்சுப்பாதை அடைபட்டு, 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் உயிர்வாயு குறைந்ததும் மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. பாதிப்பு கடுமையானால் இது மணிக்கு 30 முறைக்கு மேலும் நிகழும்.

காலையில் தாத்தாவுக்கு எதுவும் நினைவிருக்காது. ஆனால் தேக்காவுக்குப் பேருந்தில் போகும்போதே தூங்கி வழிவார். நாளடைவில் உயர் இரத்த அழுத்தம், இதயநோய், பக்கவாதம் வரும் அபாயம் கூடும்.

சிங்கப்பூரில் 2016ல் வெளியான ஆய்வில், மிதமான அல்லது கடுமையான பாதிப்புள்ள 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு அதுவரை நோய் கண்டறியப்படவில்லை.

தூங்குபவருக்குக் கேட்காதது உங்களுக்குக் கேட்கும். பெற்றோரிடம் சொல்லுங்கள், தாத்தாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.