50க்கும் 60க்கும் நடுவில: சொனிக் எனக்குச் சொல்லித்தந்த பாடம்



இந்தக் கிழமை பொட்காஸ்டில் பழைய அக்‌ஷன் கேம்களைப் பற்றிக் கதைச்சம். நேரம் போதாமல் நான் பாதியில் விட்ட விஷயம் ஒன்று இருக்கு. அதை இங்கே ஆறுதலாகச் சொல்லுறன். கேம் விளையாடாதவர்களும் வாசிக்கலாம். கோட் எழுதுற எவருக்கும் இது ஒருநாள் உதவும்.

1998 கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது. லண்டனில் இருந்து ரொறன்ரோவில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிருந்தம். 1991ல் வந்த முதல் சொனிக் கேமை எங்கட வீட்டு மெகா டிரைவில் நான் கரைச்சுக் குடிச்சிருந்தன். சித்தியின் மகனிடமும் அதே கேம்தான். அங்கே அந்த கொன்சோலுக்குப் பெயர் ஜெனிசிஸ், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைச்சன்.

கிரீன் ஹில் சோன், முதல் ஆக்ட். கண்ணை மூடிக்கொண்டே ஓடுவன். ஆனால் அன்றைக்கு முள்ளில் விழுந்தன். பாலத்தில் மீன் கடிச்சது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு கணம் பிந்திச்சு. பாட்டுக்கூட அவசரமாகப் போன மாதிரி இருந்தது. என்னைவிட இரண்டு வயது சின்னவன் பக்கத்தில இருந்து கேட்டான்: "அண்ணா, லண்டன்ல எல்லாரும் இப்பிடி ஆறுதலாவோ விளையாடுறனீங்கள்?"

அவன் நக்கலுக்குத்தான் கேட்டவன். ஆனால் அது அப்படியே உண்மை என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்ப தெரியாது. எனக்குக் கை வேகம் காணாது என்று நினைச்சு, திரும்பி வந்தபிறகு அந்த கேமைத் தொடவே இல்லை.

கணக்கைப் பார்ப்பம்

அந்தக் காலத்து ரீவி, வட அமெரிக்காவில் செக்கனுக்கு ஏறத்தாழ 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 50 தடவை. இலங்கையிலும் இந்தியாவிலும் 50தான். வீட்டு மின்சாரத்தின் அலைவெண்ணை ஒட்டி வந்த பழக்கம் இது.

கேம் எழுதினவர்கள் வேகத்தைச் செக்கனில் அளக்கவில்லை, பிரேமில் அளந்தார்கள். சமதரையில் முழு வேகத்தில் ஓடும் சொனிக், ஒரு பிரேமுக்கு 6 பிக்சல் நகரும். ரொறன்ரோவில் 6 × 60 = 360 பிக்சல். லண்டனில் 6 × 50 = 300 பிக்சல். அதாவது நான் பழகினது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைஞ்ச சொனிக்கோட. பாட்டும் பிரேமை நம்பியே ஓடினதால் அதுவும் இழுபட்டது.

இதில எனக்குப் பிடிச்ச இடம் இனித்தான் வருது. திரையின் மூலையில் ஓடுற கடிகாரமும் 60 பிரேமை எண்ணித்தான் "ஒரு செக்கன்" என்று சொல்லும். லண்டனில் 60 பிரேம் ஓட 1.2 செக்கன் எடுக்கும். ஓட்டமும் மெதுவு, கடிகாரமும் மெதுவு. கேமுக்குள்ளே இருந்து பார்த்தால் எல்லாம் சரி. வெளியில் இருக்கிற மணிக்கூட்டோட ஒப்பிட்டால்தான் பிழை தெரியும்.

வேகத்தை மெஷினோட கட்டிவைக்கிறது எப்பவும் பிழை என்று இல்லை. 1978ல் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 எதிரிகள். ஒரு பிரேமில் ஒரு எதிரி மட்டுமே நகரும். ஆகவே முழுக் கூட்டமும் ஓரடி வைக்க 55 பிரேம் வேணும். சுடச்சுடக் கூட்டம் குறையும், மிச்சம் இருக்கிறது கெதியாக ஓடும். கடைசி ஒருத்தன் ஒவ்வொரு பிரேமிலும் நகருவான். மெஷினின் போதாமையே அங்கே விளையாட்டின் பதட்டமாக மாறிச்சு. அவர் தெரிஞ்சே அதை விட்டுவைச்சார். தெரியாமல் விடுறதுதான் ஆபத்து.

நான் தெரியாமல் விட்டது

போன வருசம் ஒரு கொன்ட்ராக்ட் வேலை. இன்னொரு சேர்வரின் பதிலுக்கு 30 செக்கன் காத்திருக்கிற கோட் எழுதினன். 0.1 செக்கன் தூங்கி எழும்புற லூப், 300 தடவை. லொக்கில் எழுதுற நேரமும் அதே எண்ணிக்கை × 0.1.

சப்போர்ட்டில் இருந்த ஒரு பிள்ளை, "திரை நிமிசக்கணக்கா உறைஞ்சு நிக்குது" என்று முறையிட்டாள். நான் லொக்கைக் காட்டி, "30 செக்கன்தான், உங்கட நெட்வேர்க்கைப் பாருங்கோ" என்றன். இரண்டு நாள் அப்பிடியே வாதாடினன். மூன்றாம் நாள் அவள் கைபேசியின் ஸ்டொப்வொட்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் வைச்சுப் படம் பிடிச்சு அனுப்பினாள். சேர்வர் சுமை கூடினபோது ஒவ்வொரு சுற்றும் நீண்டிருக்கு. என்ர லொக்கும் சேர்ந்து நீண்டதால் எப்பவும் 30 என்றே எழுதியிருக்கு.

பத்து வயதில் எனக்கு நடந்ததை நான் அவளுக்குச் செய்திருக்கிறன். பிழை என்ர கோட்டில். மெதுவு என்ற பெயர் அவளுக்கு. மன்னிப்புக் கேட்டன். திருத்தம் இரண்டு வரி: தொடங்கும்போது சிஸ்டத்தின் மொனொடொனிக் கடிகாரத்தைக் குறிச்சு வை, ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு போயிட்டுது என்று அதையே கேள். கேமிலும் இதே விதிதான்: நகர்ந்த தூரம் = வேகம் × உண்மையாகப் போன நேரம்.

வீட்டுவேலை

எமுலேட்டர் இருந்தால் ரீஜனை ஒருக்கா ஐரோப்பா என்றும் ஒருக்கா அமெரிக்கா என்றும் மாத்தி, கிரீன் ஹில் பாட்டைக் கேளுங்கோ. கைபேசியில் நேரம் பிடியுங்கோ. பிறகு உங்கட சொந்த கோட்டைத் திறந்து, எங்கெல்லாம் லூப்பை எண்ணி நேரம் என்று சொல்லியிருக்கிறீங்கள் என்று தேடுங்கோ.

இந்த எபிசோட் பதிஞ்ச அன்று இரவு சித்தி மகனுக்கு போன் எடுத்து 50, 60 கதையைச் சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சான். "சரி அண்ணா, இப்ப ரெண்டு பேரும் 60ல ஒன்லைன்ல ஓடிப் பாப்பமோ?" என்றான்.

ஓடினம். பாலத்தில் மீன் கடிச்சது. இந்தத் தடவை ரீவியைக் குறை சொல்ல ஏலாது.

அடுத்த கிழமை சந்திப்பம்!