மிச்சம் இருப்பது சொல்லும்

அன்பு மருமகனுக்கு,

கம்பத்திலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் அப்பா கச்சேரிக்குத் தூக்கிப்போன அதே ஹவாயன் கிட்டார். வால்யூமும் டோனும் இருந்த இடத்தில் இப்போது இரண்டு துளைகள்தாம். ரேடியோக் கடையில் கிடைக்கிற கன்ட்ரோல் இரண்டை வாங்கி மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. தொலைந்தது என்ன என்பதை மிச்சம் இருப்பதே சொல்லும். அதைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போ.

இது சாதாரணக் கருவி இல்லை. மின்சார கிட்டார் என்று உலகத்தில் முதலில் நன்றாக விற்றதே மடியில் வைத்து வாசிக்கும் இந்த ஜாதிதான்: 1932இல் வந்த ரிக்கன்பேக்கர். பின்னால் இதற்குக் கால் வைத்து, மிதிகட்டை சேர்த்ததும் பெடல் ஸ்டீல் ஆனது. ஹவாயைச் சேர்ந்த டாவ் மோ 1940களில் கல்கத்தாவில் தங்கி இந்த ஹவாயன் கிட்டாரை வாசித்தார். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசனும் இளையராஜாவும் புறப்பட்ட மண்ணில் நாம் பாட்டைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். பாட்டுக்கு உழைத்த கருவிகளைப் பரணில் போட்டுவிடுகிறோம். எனக்கு அது வலிக்கிறது.

முதலில் உள்ளே உள்ள ஒயர்களைப் படம் எடுத்துக்கொள். ஒயர் நுனியில் பழைய ஈயம் இருக்கிறதா, துளையைச் சுற்றி வாஷர் அழுத்திய வட்டம் தெரிகிறதா என்று பார். ஏனென்றால் பெடல் ஸ்டீல்களில் பலவற்றுக்குக் குமிழே கிடையாது. பிக்கப்பிலிருந்து ஒயர் நேரே ஜாக்குக்குப் போகும், சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது காலடியில் உள்ள வால்யூம் பெடல். உன் படத்தில் வட்டம் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே இதில் கன்ட்ரோல் இருந்திருக்கிறது.

பாட்டி வைத்திருக்கும் பழைய டப்பாக்களைத் துழாவு. ஒரு கன்ட்ரோல் கிடைத்தாலும் புதையல்தான். அமெரிக்கக் கன்ட்ரோல் என்றால் முதுகில் எண் அடித்திருக்கும்: 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல்; அடுத்து ஆண்டு, வாரம். 1376512 என்பது 1965ஆம் ஆண்டின் 12ஆவது வாரம்.

அப்புறம் பிக்கப்பின் இரு ஒயர்களையும் மல்டிமீட்டரில் வை. சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. எண்ணே வராவிட்டால் அறுந்துவிட்டது. அதைச் சரி செய்யாமல் கன்ட்ரோல் வாங்கிப் பயனில்லை. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500 என்பது வழக்கம். வேறு வேலைக்கான 10 கிலோ ஓமை மாட்டினால் அது பிக்கப்பின் சக்தியை இழுத்துக்கொள்ளும். போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி கேட்கும். வால்யூமுக்கு ‘லாக்’ வகை என்று கேட்டு வாங்கு. மற்ற வகையில் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் எகிறிவிடும். டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சர், மேலே 473 என்று இருக்கும். ஒலி ரொம்ப மங்கினால் 223 போட்டுப் பார்.

இன்னொன்று. தந்திகளை எர்த் செய்ய பிரிட்ஜிலிருந்து ஓர் ஒயர் போகும், வாசிக்க நீ கையில் பிடிக்கும் இரும்புத் துண்டோ எப்போதும் தந்தி மேலேயே இருக்கும். ஆகவே ஷாக் உன் கைக்கு வராமலிருக்க, ஆம்ப்ளிஃபயரின் மூன்று முள் பிளக்கிலும் வீட்டுச் சுவரிலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்காமல் வாசிக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புதுத் துளை போடாதே. பழைய ஒயரை ஒட்ட வெட்டாதே. கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் ஒரு டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வை. ஞாயிற்றுக்கிழமை தேனியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன். அதுவரை சால்டரிங் அயர்னைச் சூடாக்காதே.

உன் மாமா