இயல்பு என்பது எது?

"எனக்குச் சுபாவத்திலேயே கோபம் அதிகம்." "சுபுஹுக்கு எழுவது என் உடம்புக்கு இயல்பாக வரவில்லை." "கல்யாணம் என்றால் கொடுக்கல் வாங்கல் இருப்பது இயற்கைதானே!" இத்தகைய பேச்சுகளை நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கிறோம். 'இயல்பு' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி இல்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் நமக்கு இயல்பாகத் தோன்றுவதெல்லாம் அல்லாஹ் நம்மில் அமைத்த இயற்கைதானா? அல்லது நாமே பழகிப் பழகி இயற்கையாக்கிக் கொண்டதா? இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

படைப்பின் இயல்பு

படைப்பிலேயே அமைந்த இயல்பை அரபியில் 'ஃபித்ரத்' என்பர். பழக்கத்தால் வந்து சேர்ந்ததை 'ஆதத்' என்பர். ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரத்தின் மீதே பிறக்கிறது, பெற்றோரே அதனை வேறு வழியில் திருப்புகின்றனர் என்னும் கருத்துள்ள ஹதீதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது இடம் பெற்றிருக்கிறது. அதில் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் உவமையும் அருளியுள்ளார்கள். கால்நடை தன் குட்டியை முழு உறுப்புகளுடனேயே ஈனுகிறது. அது காதறுபட்டுப் பிறப்பதில்லை. காதை அறுப்பவன் பின்னால் வரும் மனிதன்.

இந்த உவமையை இன்னும் சிறிது எண்ணிப் பாருங்கள். ஒரு மந்தையிலுள்ள எல்லா ஆடுகளும் காதறுபட்டவை என்று வைத்துக் கொள்வோம். அதை மட்டுமே பார்த்து வளரும் சிறுவன், ஆட்டின் காது இப்படித்தான் இருக்கும் என்று நம்புவான். முழுக் காதுள்ள ஆடு ஒன்று எதிரில் வந்தால் அதுவே அவன் கண்ணுக்கு விகாரமாகத் தெரியும். நம்முடைய 'இயல்பு'களில் பலவும் இவ்வாறு காதறுபட்டவையாக இருக்கக் கூடும் அல்லவா?

பழக்கத்தின் வலிமை

ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தங்கள் 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலில் இதை விரிவாக ஆராய்ந்துள்ளார்கள். யோசனையும் சிரமமும் இன்றிச் செயல்கள் எளிதாக வெளிப்படும்படி உள்ளத்தில் ஊன்றிவிட்ட நிலைதான் குணம் என்பது அவர்கள் தரும் விளக்கம். புறா விளையாட்டில் மோகம் கொண்டவன் நாள் முழுவதும் வெயிலில் நின்றாலும் வேதனையை உணர்வதில்லை. சூதாடியோ பொருளையெல்லாம் தோற்ற பின்னும் அதிலேயே இன்பம் காண்கிறான். பழகிவிட்டால் மண்ணைத் தின்பதும் ருசிக்கிறது. தீயதே பழக்கத்தால் இனிக்கும்போது, நன்மையைத் தொடர்ந்து பழகினால் அது இனிக்காமல் போகுமா என்பது இமாமவர்களின் கேள்வி.

வழியையும் அவர்களே காட்டுகிறார்கள். அழகிய கையெழுத்தை விரும்புபவன் முதலில் தேர்ந்தவரின் எழுத்தைப் பார்த்துச் சிரமப்பட்டு எழுதுகிறான். நாளடைவில் அவன் கை தானாகவே அழகாக எழுதுகிறது. கொடைத் தன்மையும் பணிவும் இவ்வாறே வருகின்றன.

"தொழுகையில் மனம் ஒட்டவில்லை, வேஷம் போடுவது போல் இருக்கிறது" என்று கூறும் வாலிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மனிதர்கள் மெச்சுவதற்காகச் செய்வதுதான் முகஸ்துதி. அல்லாஹ்வுக்காக மனத்தை வருத்திச் செய்வது பயிற்சியாகும். இயல்பாக வந்த பிறகு தொழலாம் என்று காத்திருப்பவன், கையெழுத்து அழகான பிறகு எழுதத் தொடங்கலாம் என்று காத்திருப்பவனுக்கு ஒப்பானவன்.

கோபமும் இதற்கு விலக்கன்று. உபதேசம் வேண்டி வந்த ஒருவரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கோபம் கொள்ளாதிருக்கும்படியே மீண்டும் மீண்டும் கூறினார்கள். கோபம் எழுவது படைப்பில் உள்ளது. அதை நாவிலும் கையிலும் அவிழ்த்து விடுவதோ பழக்கத்தில் உள்ளது. மாற்ற முடியாததை மாற்றச் சொல்வார்களா நம் நாயகம்?

பிள்ளைகள் விஷயம்

தொழுகை பருவமடைந்த பின்னரே கடமையாகிறது. அப்படியிருக்க, 7 வயதிலேயே தொழ ஏவும்படி பெற்றோருக்குக் கட்டளை வந்தது ஏன்? 7 முதல் 10 வயது வரையிலான மூன்றாண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வக்துகள் வருகின்றன. அத்தனை முறை ஒளுச் செய்து நின்ற உடலுக்குத் தொழாமல் இருப்பதுதான் இயல்புக்கு மாறாகத் தோன்றும்.

உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது உண்ணும் தட்டில் அவர்கள் கை அங்குமிங்கும் அலைந்தது. அல்லாஹ்வின் பெயர் கூறி, வலக்கையால், தமக்கு அருகிலிருப்பதை உண்ணுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அன்புடன் கற்பித்தார்கள். அதன் பிறகு தாம் உண்ணும் முறை அதுவாகவே ஆகிவிட்டது என்று அவர்களே அறிவிக்கிறார்கள். ஏசாமலும் அடிக்காமலும் சொன்ன ஒரு பாடம் ஆயுள் முழுவதற்கும் இயல்பாயிற்று!

ஊர் வழக்கம்

வழக்கத்தை நம் மார்க்கம் அடியோடு தள்ளிவிடவில்லை. வழக்கமும் தீர்ப்புக்கு ஆதாரமாகும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. வியாபாரத்தில் சரக்கு எப்போது ஒப்படைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்பது போன்றவற்றில் ஊர் வழக்கமே கவனிக்கப்படும். ஆனால் மார்க்கத்தின் தெளிவான கட்டளைக்கு மாறான வழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

மணப்பெண்ணுக்கு மஹரை மனமுவந்து கொடுங்கள் என்பது திருமறையின் கட்டளை. கொடுக்க வேண்டியவன் மணமகன். நம் ஊர்களிலோ மஹர் பதிவேட்டில் ஒரு வரியாகச் சுருங்கி, கைக்கூலியே கல்யாணப் பேச்சின் முதல் வார்த்தையாகிவிட்டது. 1961-ல் அரசு வரதட்சணையைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அப்படியும் வாங்குபவர் வெட்கப்படுவதில்லை, கொடுப்பவர் வியப்பதும் இல்லை. "எல்லோரும் செய்வதுதானே" என்கிறார்கள். காதறுபட்ட மந்தை இதுவன்றோ!

"மனம் உறுத்தவில்லையே" என்று சிலர் சமாதானம் கூறுவர். பாவம் செய்யும்போது உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது, தவ்பா செய்தால் அது துலங்குகிறது, மீண்டும் மீண்டும் செய்தால் கருமை படர்கிறது என்பது ஹதீதின் கருத்து. ஆகவே உறுத்தல் இல்லாமை மட்டும் அனுமதியாகிவிடாது. உறுத்தும் சக்தியே மரத்துப் போயிருக்கவும் கூடும்.

எனவே, ஒரு செயல் இயல்பாகத் தோன்றும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக் கொள்வோம். இது அல்லாஹ் அமைத்ததா, நாம் பழகியதா? பழகியதென்றால், மார்க்கம் இதை ஏற்கிறதா? ஏற்காததை இன்றே விடத் தொடங்குவோம். முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். ஏற்பதைத் தொடர்வோம், ஆனால் அது வெறும் பழக்கமாகிவிடாதபடி நிய்யத்தைப் புதுப்பித்துக் கொள்வோம்.

வல்ல அல்லாஹ் நன்மையை நமக்கு இயல்பாகவும், தீமையை நமக்கு அந்நியமாகவும் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.