ஒரு மன்னரின் சொந்தச் சொத்து

கேள்வி: ஐரோப்பியர் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டது பணத்துக்காகவா, அரசியலுக்காகவா?

பதில்: இரண்டுக்கும்தான். காங்கோவைப் பார்த்தால் இரண்டும் எப்படிக் கைகோத்தன என்பது தெரியும்.

பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு வேண்டியது வருமானம். பெரிய படைபலம் இல்லாத அவருக்கு, 1884-85 பெர்லின் மாநாட்டையொட்டி வல்லரசுகள் காங்கோவை விட்டுக்கொடுத்தன. பிரான்ஸ் கைக்கு அது போவதை பிரிட்டன் விரும்பவில்லை. பிரிட்டன் கைக்குப் போவதை பிரான்ஸ் விரும்பவில்லை. சிறிய நாட்டு மன்னரிடம் இருப்பதே எல்லாருக்கும் வசதி. அந்த மாநாட்டில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை.

1888-ல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டுகளில் ரப்பருக்குக் கிராக்கி எகிறியது. காங்கோவில் லியோபோல்டின் ஆட்கள், காட்டுக்கொடியிலிருந்து இவ்வளவு ரப்பர் கொண்டுவர வேண்டும் என்று ஊர் ஊராக அளவு விதித்தார்கள். பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். செலவழித்த தோட்டாவுக்குக் கணக்காகச் சிப்பாய்கள் வெட்டிய கைகளைக் காட்டினார்கள். 1904-ல் மிஷனரி ஆலிஸ் ஹாரிஸ் எடுத்த புகைப்படம் ஒன்றில், ன்சாலா என்ற தகப்பன் தன் ஐந்து வயது மகளின் வெட்டுண்ட கையையும் காலையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். இதைவிடப் பெரிய சாட்சியம் தேவையில்லை.

இந்தச் சுரண்டலை அம்பலப்படுத்தியது ஒரு கப்பல் நிறுவன எழுத்தர், எட்மண்ட் மோரல். ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கு ரப்பரும் தந்தமும் வந்து இறங்கின. திரும்பிப் போனவை பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். விலை கொடுக்காமல் சரக்கு வருகிறது என்றால் அது அடிமை உழைப்புதான் என்று அவர் சரியாகவே முடிவுகட்டினார்.

கண்டனம் வலுத்ததால் 1908-ல் பெல்ஜிய அரசு காங்கோவை மன்னரிடமிருந்து எடுத்துக்கொண்டது. கட்டாய உழைப்பு அதற்குப் பிறகும் நீடித்தது.