எஞ்சின் குளிராக்கல் தொகுதியில் நீர்க்கசிவு: கண்டறிதலும் பரிகாரமும்



க.பொ.த. சாதாரண தரத் தொழினுட்பப் பாடத்தில் அகத்தகன எஞ்சினின் குளிராக்கல் தொகுதி பற்றிய வினாவுக்கு உறுப்புகளின் பெயர்களை எழுதிப் புள்ளி பெறுவோர் பலர். "நீர் குறைகிறது, என்ன செய்வீர்?" என்று கேட்டால் "நீர் ஊற்ற வேண்டும்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வோரும் பலர். அவ்விடை பிழையானது. ஏன் பிழை என்பதே இப்பாடம்.

முதலிற் பின்வரும் சம்பவத்தை வாசிக்க.

ஒருவர் டீசல் பிக்கப் ஒன்றில் உரம் ஏற்றிக்கொண்டு கம்பளையிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் செல்கிறார். இரண்டு வாரங்களாக ஒவ்வொரு நாட் காலையிலும் ரேடியேற்றருக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஊற்றி வருகிறார். வாகனத்தின் கீழ் நிலத்தில் ஈரம் இல்லை. எஞ்சின் சூடேறிய பின்னரும் சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது. ஏற்றத்தில் வெப்பமானி முள் மேலே சென்று, பின் திடீரென இறங்குகிறது. "சூடு தணிந்துவிட்டது" என எண்ணி அவர் தொடர்ந்து ஓட்டுகிறார். சிறிது தூரத்தில் எஞ்சின் வலுவிழந்து நின்றுவிடுகிறது.

இவர் செய்த தவறுகள் எவை? இவ்வினாவை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசிக்க.

1. தொகுதி ஏன் மூடப்பட்டுள்ளது?

நீர்ப்பம்பி குளிராக்கியை எஞ்சினின் நீர்வழிகளினூடு செலுத்துகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வெப்பநிலைநிறுத்தி ரேடியேற்றருக்கான பாதையை மூடி வைத்திருக்கும். பொதுவாக 82 பாகை செல்சியஸ் அளவில் அது திறக்கத் தொடங்கும். ரேடியேற்றரில் வெப்பம் வளிக்குக் கடத்தப்படும்.

ரேடியேற்றர் மூடி வெறும் மூடியன்று. அஃது ஓர் அமுக்க வால்வு. மூடியில் 0.9 என அச்சிடப்பட்டிருப்பின், வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாக ஏறத்தாழ 88 கிலோபாஸ்கல் அமுக்கத்தை அது தாங்கி நிற்கும். அமுக்கம் கூடக் கொதிநிலையும் கூடும். கடல் மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர் இவ்வமுக்கத்தில் ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காது.

ஆகவே சிறு கசிவினாலும் நட்டம் இரண்டு. ஒன்று நீர் குறைதல். மற்றது அமுக்கம் குறைதல். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். அமுக்கத்தைப் பேணாத தொகுதியுடன் மலையேறும் எஞ்சினின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

2. சூடான மூடியைத் திறக்கலாகாது

இது புள்ளிக்காக மட்டும் கற்கும் விதியன்று. பின்வரும் கணிப்பைச் செய்து பார்க்க.

தொகுதியில் 115 பாகையில் 5 கிலோகிராம் நீர் உள்ளது. மூடி திறக்கப்பட்டதும் அமுக்கம் நீங்கி நீர் 100 பாகைக்கு இறங்கும்.

வெளிவிடப்படும் வெப்பம் = 5 × 4200 × 15 = 315 000 யூல்

ஆவியாதலின் தன்மறை வெப்பம் கிலோகிராமுக்கு 2 260 000 யூல் ஆகையால், ஆவியாகும் நீர் ஏறத்தாழ 0.14 கிலோகிராம். அது வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ 230 லீற்றர் கொதிநீராவி ஆகும். ஒரு பெரிய பீப்பாய் கொள்ளும் ஆவி, கைப்பிடியளவு வாயினூடாகக் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு திறந்தவரின் முகத்தை நோக்கி வரும்.

உங்கள் ஆசிரியனாகிய நான் கலைப்பட்டதாரி. இக்கணிப்பை அறியு முன்னரே, மூடியை ஈரத்துணியாற் பிடித்துத் திறந்தவன். என் வலது முன்கையில் உள்ள தழும்பை வகுப்புக்கு வரும் மாணவர்கள் கண்டிருப்பீர்கள். துணி கையைச் சூட்டிலிருந்து காக்கும், ஆவியிலிருந்து காக்காது. எஞ்சினை நிறுத்திக் குறைந்தது அரை மணித்தியாலம் விட்டு, மேற்குழாய் கையால் தொடத்தக்கதாக ஆறிய பின்னரே மூடியை முதற் படிவரை திருகி, அமுக்கம் முழுவதும் வெளியேறிய பின் எடுக்க வேண்டும்.

எரிகாயம் ஏற்படின் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் பிடித்து, வைத்தியசாலைக்குச் செல்க. பற்பசையோ எண்ணெயோ பூசலாகாது.

3. நீர் எங்கே போகிறது?

போன நீர் எங்கோ போயிருக்கத்தான் வேண்டும். வழிகள் மூன்று.

(அ) வெளிக்கசிவு: குழாய் வெடிப்பு, தளர்ந்த கிளிப், ரேடியேற்றரின் பிளாத்திக்குத் தொட்டி மூட்டு, நீர்ப்பம்பி என்பவற்றினூடாக நிகழும். பம்பியின் அடியிலுள்ள சிறு துளையால் நீர் சொட்டினால் உள்ளே அடைப்பு வளையம் தேய்ந்துள்ளது. துளையை அடைப்பது பரிகாரமன்று. பம்பி மாற்றப்பட வேண்டும்.

(ஆ) மூடி வழி இழப்பு: வில் தளர்ந்தோ இறப்பர் வெடித்தோ இருப்பின் மேலதிகக் குழாயால் நீர் வெளியேறும். மலிவான உறுப்பு என்பதால் இதனை முதலிற் சோதிக்க.

(இ) உட்கசிவு: ஹெட் கஸ்கெற் பழுதடைந்தாலோ சிலிண்டர் ஹெட் வெடித்தாலோ நீர் தகன அறைக்குள் அல்லது ஒயிலுக்குள் செல்லும். வெள்ளைப் புகை நீடித்தல், ஒயில் பாற்தேநீர் நிறமாதல், எஞ்சின் இயங்குகையில் ரேடியேற்றரில் இடைவிடாது குமிழி எழுதல் என்பன அறிகுறிகள். நிலத்தில் ஈரம் இராது. இதனாலேயே இது ஆபத்தானது.

4. கண்டறியும் ஒழுங்கு

எஞ்சின் குளிர்ந்த நிலையில் பின்வரும் ஒழுங்கில் செய்க.

1. இரவில் வாகனத்தின் கீழ் மட்டை ஒன்றை விரித்து, காலையில் துளி விழுந்த இடத்தைக் குறிக்க. குளிராக்கி பச்சை, சிவப்பு போன்ற நிறமுடையது. குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் நீர் நிறமற்றது, அது பழுதன்று.
2. மூட்டுகளில் வெண்ணிற அல்லது நிறமுள்ள உலர்ந்த படிவு உண்டா எனப் பார்க்க. கசிந்து ஆவியான இடம் அதுவே.
3. ஒயில் அளவுக்கோலையும் ஒயில் மூடியின் உட்புறத்தையும் பார்க்க.
4. கைப்பம்பியுடைய அமுக்கச் சோதனிக் கருவியை ரேடியேற்றர் வாயிற் பொருத்தி, மூடியிற் குறிக்கப்பட்ட அமுக்கம் வரை ஏற்றுக. முள் இறங்கின் கசிவு உண்டு. வெளியே ஈரம் இன்றி முள் இறங்கின் உட்கசிவைச் சந்தேகிக்க.
5. உறுதிப்படுத்த, ரேடியேற்றர் வாயிலிருந்து வரும் வாயுவை நீல நிறச் சோதனைத் திரவத்தினூடு செலுத்துக. தகன வாயுவிலுள்ள காபனீரொட்சைட்டு அதனை மஞ்சளாக்கும்.

5. வழியில் நேர்ந்தால்

முள் உயர்ந்தால் உடனே ஓரமாக நிறுத்துக. முள் திடீரென இறங்குவது நல்ல அறிகுறி என எண்ணற்க. நீர்மட்டம் உணரிக்குக் கீழே சென்றால் உணரி நீரைத் தொடாது. அதனால் குறைந்த வெப்பநிலையைக் காட்டக்கூடும்.

சூடான எஞ்சினுக்குக் குளிர்நீரை ஊற்றலாகாது. உலோகம் சடுதியாகச் சுருங்கி வெடிக்கலாம். ஆறிய பின் மெதுவாக ஊற்றுக. குழாய் வெடித்திருப்பின் ரியூப் இறப்பரை இறுகச் சுற்றிக் கட்டி, மூடியை முதற் படியில் மட்டும் வைத்து அமுக்கத்தைக் குறைத்து, அண்மையிலுள்ள கராஜ் வரை மெதுவாகச் செல்லலாம். உட்கசிவு எனில் ஓட்டலாகாது, இழுத்துச் செல்க.

6. நிரந்தரப் பரிகாரம்

கசிவை அடைக்கும் தூள் தற்காலிகமானது. ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களையும் அது அடைக்கலாம். ஹெட் கழற்றப்பட்டால், புதிய கஸ்கெற் இடுமுன் நேர்விளிம்பும் இடைவெளிமானியும் கொண்டு அதன் தட்டைத்தன்மை சோதிக்கப்பட வேண்டும். போல்ற்றுகள் மையத்திலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, முறுக்குமானி கொண்டு இறுக்கப்பட வேண்டும்.

"எமது நாட்டில் நீர் உறைவதில்லை, குளிராக்கித் திரவம் எதற்கு?" என்று கேட்பர். அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் கொதிநிலையை உயர்த்தும். சேர்க்கைப் பொருள்கள் உலோக அரிப்பைத் தடுக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணறுகளின் வன்னீரை மட்டும் ஊற்றிவந்தால் கல்சியம் காபனேற்று படிந்து, கேத்தலில் படிவதுபோல நீர்வழிகளை அடைக்கும். காய்ச்சி வடித்த நீருடன் குளிராக்கியை உரிய விகிதத்திற் கலந்து பயன்படுத்துக. இத்திரவம் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. சோடாப் போத்தலில் வைக்கவோ, நாய், மாடு குடிக்கும் இடத்தில் ஊற்றவோ கூடாது.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: மேற்கூறிய சம்பவத்தில் (i) பழுது யாது? (ii) அதற்கான சான்றுகள் எவை? (iii) சாரதியின் தவறுகள் இரண்டு தருக.

விடை: (i) உட்கசிவு. ஹெட் கஸ்கெற் அல்லது சிலிண்டர் ஹெட் பழுது. (ii) நாளாந்தம் நீர் குறைந்தும் நிலத்தில் ஈரம் இன்மை. எஞ்சின் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நீடித்தல். (iii) காரணத்தைத் தேடாது இரண்டு வாரம் நீர் ஊற்றியமை. முள் இறங்கியதைக் குளிர்ந்ததாகக் கருதித் தொடர்ந்து ஓட்டியமை.

"நீர் ஊற்றினார்" என்பதைத் தவறாக எழுதும்போது "காரணத்தைத் தேடாது" என்ற சொற்களை விடாதீர்கள். நீர் ஊற்றுவது தவறன்று. ஊற்றியதுடன் நின்றுவிட்டதே தவறு. முதல் வாரத்தில் ஒரு கஸ்கெற்றுடன் முடிந்திருக்கக்கூடிய வேலை, இறுதியில் ஓர் எஞ்சினையே விலையாகக் கேட்டுவிட்டது. உங்களில் எவருடைய வீட்டில் பிக்கப்போ முச்சக்கர வண்டியோ உழைக்கிறதோ, அதன் பெறுமதியை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பயிற்சி: 3 கிலோகிராம் நீர் 112 பாகையிலிருந்து 100 பாகைக்கு இறங்கும்போது ஆவியாகும் நீரின் திணிவைக் காண்க. (விடை: ஏறத்தாழ 0.067 கிலோகிராம்)