பத்தாம் இடத்தைப் படிக்கும் முறை

அன்புள்ள தம்பிக்கு,

2025 மே 25 அன்று அகமதாபாத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 230 ரன் குவித்தது. அன்றைக்குப் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த குஜராத் டைட்டன்ஸ் 147 ரன்னில் சுருண்டது. 83 ரன் வித்தியாசத்தில் வென்றும் சென்னை இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. 14 ஆட்டம், 4 வெற்றி, 10 தோல்வி, 8 புள்ளி, பத்தாம் இடம். 2008-இல் ஐபிஎல் தொடங்கிய நாளிலிருந்து அந்த அணி கடைசி இடத்தில் முடித்தது அதுவே முதல் தடவை.

சிவகாசியிலும் திருத்தங்கலிலும் சாத்தூரிலும் மஞ்சள் பனியன் போட்ட பிள்ளைகள் அந்த இரண்டு மாதமும் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. ஏப்ரலில் நடுவரைத் திட்டினார்கள். மே மாதம் வந்ததும் திட்டக்கூடத் தெம்பில்லாமல் டிவியை அணைத்தார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஒரு அணியை மனசார விரும்புகிறவர்களுக்குத்தான் அது வரும். ஆனால் வருத்தத்தோடு நின்றுவிட்டால் அந்தப் பதினான்கு ஆட்டங்களும் வீணாகிவிடும். தோற்ற சீசனைப் போலக் கிரிக்கெட்டைக் கற்றுக்கொடுக்கிற பாடப்புத்தகம் வேறு கிடையாது. அதைப் படிக்கும் முறையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலையில் ஒரு பெட்டி வெடி நமுத்துப் போனால் போர்மேன் என்ன செய்வார்? திரியில் கோளாறா, மருந்துக் கலவையில் கோளாறா, காய வைத்த அன்றைக்கு வெயில் போதவில்லையா என்று தனித்தனியாகப் பார்ப்பார். மூன்றில் எது என்று தெரிந்தால்தான் மறுநாள் வேலையில் எதை மாற்றுவது என்று தெரியும். தோற்ற சீசனிடமும் அதே போல மூன்று கேள்வி கேட்க வேண்டும். அதிர்ஷ்டம் எவ்வளவு பறித்தது? அணியின் அமைப்பில் எவ்வளவு ஓட்டை இருந்தது? தோற்றுக்கொண்டிருந்தபோதே அணி அடுத்த வருஷத்துக்கு ஏதாவது சேர்த்து வைத்ததா?

முதலில் அதிர்ஷ்டம். மே 3, பெங்களூரு. அந்த ஊர் அணியான ஆர்சிபி 18 ஓவர் முடிவில் சாதாரணமான ஒரு ஸ்கோரில்தான் இருந்தது. 19-ஆவது ஓவரை கலீல் அகமது வீச, ரொமாரியோ ஷெப்பர்ட் அந்த ஒரே ஓவரில் 33 ரன்னுக்கு அடித்து நொறுக்கினார். 14 பந்தில் 53. இலக்கு 214. பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே 48 பந்தில் 94 ரன் எடுத்து ஆட்டத்தைச் சென்னையின் கைக்குக் கொண்டுவந்தார். 17-ஆவது ஓவரில் லுங்கி எங்கிடி அவரை வீழ்த்தினார். அடுத்த பந்திலேயே டெவால்ட் பிரெவிஸுக்கு எல்பிடபிள்யூ. அவர் மறுபரிசீலனை கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று நடுவர் சொல்லிவிட்டார். அந்தப் பந்து ஸ்டம்புக்கு வெளியே போயிருக்கும் என்று பிறகு திரையில் தெரிந்தது. கடைசி ஓவரில் 15 ரன் வேண்டியிருந்தது. தோனி ஆட்டமிழந்தார், துபே நோபாலில் சிக்ஸர் அடித்தார், யஷ் தயாள் மீதிப் பந்துகளைக் கட்டுப்படுத்தினார். 211. இரண்டு ரன்னில் தோல்வி.

இதற்கு முன்பே மார்ச் 30 அன்று குவாஹாத்தியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோற்றிருந்தது. ஏப்ரல் 30 அன்று சென்னையின் சொந்த மைதானமான சேப்பாக்கத்தில் பஞ்சாப் இரண்டு பந்து மீதமிருக்கும்போதுதான் வென்றது. "கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்திருந்தால்…" என்று ரசிகர்கள் சொல்வது இந்த ஆட்டங்களை வைத்துத்தான்.

அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், பென்சிலை எடு. 2 ரன்னில் தோற்றது, 6 ரன்னில் தோற்றது, இரண்டு பந்தில் தோற்றது, மூன்றையும் சென்னை வென்றதாகவே வைத்துக்கொள். 8 புள்ளி 14 ஆகிறது. அந்த வருஷம் நான்காம் இடத்தில் பிளேஆஃபுக்குப் போன மும்பையிடம் 16 புள்ளி இருந்தது. அதிர்ஷ்டமே வந்து அணியின் தோளில் உட்கார்ந்திருந்தாலும் பிளேஆஃப் கிடைத்திருக்காது. மானம் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆக, அதிர்ஷ்டம் பறித்தது சில படிகளைத்தான். மீதிக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

அது சேப்பாக்கத்திலேயே இருக்கிறது.

மார்ச் 23 அன்று மும்பையைச் சொந்த மைதானத்தில் வென்றுதான் சீசன் தொடங்கியது. நூர் அகமது 18 ரன் கொடுத்து 4 விக்கெட், ரச்சின் ரவீந்திரா ஆட்டமிழக்காமல் 65. அதோடு சரி. மார்ச் 28 அன்று ஆர்சிபி 50 ரன்னில் வென்றது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சென்னைக்கு எதிராக அந்த அணி பெற்ற முதல் வெற்றி அது. ஏப்ரல் 5 அன்று டெல்லி வென்றது, அந்த அணிக்கு அங்கே 2010-க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தா. ஏப்ரல் 25 அன்று ஹைதராபாத், சேப்பாக்கத்தில் சென்னையை அந்த அணி அதுவரை வென்றதே இல்லை. ஏப்ரல் 30 அன்று பஞ்சாப். சொந்த மண்ணில் ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. கடைசியாக அங்கே நடக்க வேண்டிய ஒரு ஆட்டமும், மே மாதம் தொடர் நின்று மறுபடி தொடங்கியபோது டெல்லிக்கு மாறிவிட்டது.

சேப்பாக்கம் என்றால் சுழல், சென்னை என்றால் சேப்பாக்கம் என்று பதினேழு வருஷமாக ஒரு வாய்ப்பாடு இருந்தது. பந்து மெதுவாக வரும் ஆடுகளம், மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள், 160 ரன் போதும். அந்த வாய்ப்பாட்டை நம்பித்தான் 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் அஸ்வினை 9.75 கோடிக்கும் நூர் அகமதை 10 கோடிக்கும் வாங்கினார்கள். ஆனால் ஆடுகளம் அந்த அணி எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை. சேப்பாக்கத்தில் சொந்த மைதானச் சாதகம் என்று எதுவும் இல்லை, ஆடுகளத்தைக் கணிக்க முடியவில்லை என்று பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார்.

இரண்டாவது ஓட்டை பேட்டிங்கில். மற்ற அணிகள் முதல் ஆறு ஓவரிலேயே ஆட்டத்தைத் தீர்மானித்துவிடும் பழக்கத்துக்கு வந்துவிட்ட காலம் அது. முல்லான்பூரில் பஞ்சாபின் பிரியான்ஷ் ஆர்யா, ஐபிஎல்லுக்குப் புதியவர், சென்னைக்கு எதிராக 42 பந்தில் 103 எடுத்தார். சென்னையோ ஆரம்பத்தில் விக்கெட்டைக் காத்து, கடைசியில் அடித்துக்கொள்ளலாம் என்ற பழைய நடையிலேயே போனது. டெல்லிக்கு எதிரான ஆட்டத்தின் ஸ்கோர்கார்டை மட்டும் எடுத்துப் பார். இலக்கு 184. விஜய் சங்கர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. கையில் ஐந்து விக்கெட்டை வைத்துக்கொண்டு 25 ரன்னில் தோற்றது அணி. விக்கெட் மிச்சமிருக்கத் தோற்பதைவிடத் தெளிவான நோய்க்குறி இருபது ஓவர் ஆட்டத்தில் கிடையாது.

அடுத்த ஆறாம் நாள் முழங்கை எலும்பு முறிவால் கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் விலக, தோனி மறுபடி தலைமை ஏற்றார். அன்று கொல்கத்தாவிடம் 9 விக்கெட்டுக்கு 103. சேப்பாக்கத்தில் சென்னையின் மிகக் குறைந்த ஸ்கோர் அது. சுனில் நரைன் 13 ரன் கொடுத்து மூவரை வீழ்த்தினார். கொல்கத்தா 10.1 ஓவரில் வேலையை முடித்துவிட்டுப் போனது. தொடர்ந்து ஐந்து தோல்வி, அணியின் வரலாற்றில் முதல் முறை. கேப்டனை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு அந்த ஒரு ஸ்கோர்கார்டே பதில். கோளாறு ஓர் ஆளிடம் இல்லை. ஏலத்தில் எடுத்த முடிவுகளில் இருந்தது. ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் என முப்பதைத் தொட்ட, தாண்டிய வீரர்களை நடுவரிசைக்கு நம்பியதில் இருந்தது.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். இதற்கு 2020-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் ஐபிஎல் எமிரேட்ஸில் நடந்தது. முகாமில் கொரோனா நுழைந்தது, ரெய்னா ஊர் திரும்பினார், சென்னை ஏழாம் இடத்தில் முடித்தது. பிளேஆஃபுக்குப் போகாதது அதுவே முதல் முறை. கொரோனாவிலிருந்து மீண்டு வந்த ருதுராஜ் என்ற இளைஞர் முதல் மூன்று ஆட்டத்தில் 0, 5, 0. பிளேஆஃப் வாய்ப்பு ஏறக்குறையப் போன பிறகு, இழக்க ஒன்றுமில்லாத கடைசி மூன்று ஆட்டத்தில் அவரையே இறக்கினார்கள். 65, 72, 62. மறு வருஷம் அவர் 635 ரன்னுடன் தொடரிலேயே அதிக ரன் எடுத்தவரானார். 2021 அக்டோபர் 15 அன்று துபாயில் சென்னை கோப்பையைத் தூக்கியது. 2022-இல் ஒன்பதாம் இடம், 2023-இல் மறுபடி சாம்பியன்.

இதைப் பார்த்து, "தோற்றால் அடுத்த வருஷம் கோப்பை" என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2024-இல் நெட் ரன் ரேட்டில் மயிரிழையில் பிளேஆஃபைத் தவறவிட்டு ஐந்தாம் இடம். அடுத்த வருஷம் கிடைத்தது கோப்பை இல்லை, பத்தாம் இடம். தோல்வி தானாக எதையும் கொடுத்துவிடாது. அந்தத் தோல்விக்குள் யாருக்கு ஆட இடம் கொடுத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கண்ணோடு 2025-இன் பின்பாதியைப் பார். காயமடைந்த ருதுராஜுக்குப் பதில் வந்த ஆயுஷ் மாத்ரே 7 ஆட்டத்தில் 240 ரன். ஏலத்தில் யாரும் வாங்காமல் விட்ட தென்னாப்பிரிக்கர் பிரெவிஸ், காயமடைந்த தமிழக வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாக வந்து 6 ஆட்டத்தில் 225 ரன். உர்வில் பட்டேல் தன் முதல் ஆட்டத்தில், ஈடன் கார்டனில், 11 பந்தில் 31. நூர் அகமது 24 விக்கெட், தொடரில் இரண்டாம் இடம். முதல் ஐந்து தோல்விகளில் ஆடிய சென்னையும் கடைசி ஆட்டத்தில் 230 அடித்த சென்னையும் ஒரே அணி என்று சொல்ல முடியாது.

உலகத்தில் இதைவிடப் பெரிய சறுக்கல்களும் உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடும். 2024-இல் சிகாகோ வைட் சாக்ஸ் அதில் 121 தோற்றது. 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் எந்த அணியும் அத்தனை தோல்வி கண்டதில்லை. இடையில் தொடர்ந்து 21 தோல்வி. 2005-இல் அங்கே சாம்பியனை முடிவு செய்யும் வேர்ல்ட் சீரிஸை வென்ற அணிதான் அது. அதே 2024-இல் சாம்பியனான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் சீசனில் 64 ஆட்டம் தோற்றிருக்கிறது. சாம்பியனே அந்த வருஷம் அறுபது தடவைக்கு மேல் தோற்றிருக்கிறது. இன்னொரு வித்தியாசமும் கவனி. பேஸ்பாலில் புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பின்தங்கிய அணிகளுக்குப் பொதுவாக முன்னுரிமை கிடைக்கும். ஐபிஎல்லில் அப்படி ஒரு சலுகை கிடையாது. கடைசி இடத்துக்கு எந்தப் பரிசும் இல்லை, தேடிப் பிடித்துத்தான் மீள வேண்டும்.

இப்படிச் சறுக்கி மீள்வது உன் ஊருக்குப் புதிதில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, சக்கரம் எல்லாவற்றிலும் பேரியம் நைட்ரேட்தான் முக்கியச் சரக்கு. ஆலைகள் மூடின, மாதக்கணக்கில் திறக்கவில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் குடும்பங்கள் அடகுக் கடைக்குப் போயின. உன் வீட்டிலும் அந்தப் பேச்சு நடந்திருக்கும். நீதிமன்றத்தை நொந்துகொண்டவர்கள் இருந்தார்கள், நொந்துகொள்ள அவர்களுக்குக் காரணமும் இருந்தது. ஆனால் தொழில் தொடரக் கலவையை மாற்ற வேண்டியிருந்தது. நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் தந்த வாய்ப்பாட்டை வாங்கி, ஒவ்வொரு சரக்காகச் செய்து பார்த்து, புகையைக் குறைத்து, மறுபடி பெட்டி கட்டினார்கள். சிக்கல் தீர்ந்துவிடவில்லை, வழக்குகள் தொடர்ந்தன. ஆனாலும் எது கைவிட்டுப் போனது, எதை இனிமேல் மாற்றியாக வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஊர் உன்னுடையது.

சென்னை அணியும் கலவையை மாற்றியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் அஸ்வின் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றார். நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பரில் அபுதாபி ஏலத்தில், இந்தியாவுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாத பிரசாந்த் வீரையும் கார்த்திக் சர்மாவையும் தலா 14.20 கோடிக்கு எடுத்தார்கள். அனுபவத்துக்குக் காசு கொடுத்த அணி, ஒரே வருஷத்தில் இளமைக்குக் கொடுத்திருக்கிறது. சரியான முடிவா என்பதை ஆட்டங்கள்தான் சொல்லும்.

அதைக் கண்டுபிடிக்கும் வேலை உனக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொள். 2025-க்கு அடுத்த சீசனின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் ஆறு ஓவர் ஸ்கோர், தோற்றபோது மிச்சமிருந்த விக்கெட், சொந்த மைதானமா வெளியூரா, இருபத்திரண்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆடிய பந்துகள். பக்கத்தில் 2025-இன் பதினான்கு ஆட்டத்தையும் அதே மாதிரி நிரப்பு, ஸ்கோர்கார்டுகள் எல்லாம் கிடைக்கும். ஏழு ஆட்டம் முடிந்ததும் இரண்டையும் ஒப்பிட்டு, உனக்குத் தெரிவதை ஒரு பக்கம் எழுதி அனுப்பு.

அன்புடன்,
விருதுநகரிலிருந்து அண்ணன்