பாம்பன் பாலம்: ஒரு ஃபோட்டோவை வெச்சு எதையெல்லாம் அளக்கலாம்?

ரயில் ஃபோட்டோன்னாலே நம்ம ஊர்ல முதல்ல ஞாபகம் வர்றது பாம்பன். நீலக் கடல், நடுவுல ரயில், பின்னாடி சூரிய அஸ்தமனம். அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனா இன்ஜினியரிங் படிக்கிற நாம எடுக்கிற ஃபோட்டோ இன்னொரு வேலையும் செய்யணும்: இருபது வருஷம் கழிச்சு ஒருத்தர் அதை வெச்சு அளக்க முடியணும்.

இதுக்கு அவசரமும் இருக்கு. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்னுடுச்சு. 2025 ஏப்ரல் 6-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாச்சு. ரயில் ஓடாத இரும்பை உப்புக்காத்து சும்மா விடாது.

முதல்ல, எதை எடுக்கணும்? கப்பல் போக வழிவிடும் பகுதியை. பழையது ஷெர்சர் வகை. ரெண்டு பாதியும் ரெண்டு பக்கமும் உருண்டு சாய்ந்து மேலே எழும். ஆட்கள் கையால் இயக்கினாங்க. புதுசுல 72.5 மீட்டர் நீளப் பகுதி லிஃப்ட் மாதிரி நேரா மேலே போகும், மோட்டார் இயக்குது. அதனால பழைய பாலத்தில் அடியில் உருளும் வளைவான பாகத்தையும், புதுசுல ரெண்டு கோபுரங்களையும் தனியா குளோசப் எடுக்கணும். முழுப் பாலத்தின் படத்தில் இதெல்லாம் புள்ளியாத்தான் தெரியும்.

அடுத்து அளவு. ரயில் ஃபோட்டோவில் ஸ்கேல் ஏற்கெனவே இருக்கு, அதுதான் தண்டவாளம். 2007-ல் அகலப்பாதை ஆகிற வரைக்கும் பாம்பனில் மீட்டர்கேஜ், அதாவது இடைவெளி 1000 மில்லிமீட்டர். இப்போ 1676. ரயிலை நேர் எதிரே பார்த்து எடுத்த ஒரு பழைய படத்தில், இன்ஜினுக்கு நேர் கீழே அந்த இடைவெளி 200 பிக்சல்னு வெச்சுக்கோங்க. ஒரு பிக்சல் 5 மில்லிமீட்டர். இன்ஜின் முகப்பு 540 பிக்சல்னா அகலம் 2.7 மீட்டர். ஒரே தூரத்தில் இருக்கிற பொருளுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு செல்லும். தள்ளி இருக்கிறது சின்னதா தெரியும் இல்லையா?

அன்றும் இன்றும் ஜோடிப் படம் எடுக்கணும்னா, நிற்கிற இடம் ரொம்ப முக்கியம். ஜூம் பண்ணினா படம் பெரிசாகும், கோணம் மாறாது. பழைய படத்தில் கிட்டே ஒரு பொருள், தூரத்தில் ஒரு பொருள் தேர்ந்தெடுங்க. ரெண்டும் அதே மாதிரி ஒண்ணுக்கு நேரா ஒண்ணு வர்ற வரைக்கும் நகருங்க. நிழலும் பொருந்தணும்னா அதே மாசம், அதே நேரம். ஆனா தண்டவாளத்தில் இறங்காதீங்க. அது உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம். பிளாட்ஃபாரம் முனை போதும்.

எடுத்ததும் இடம், திசை, தேதி, நேரம் நாலையும் ஃபைல் பெயரிலேயே எழுதுங்க.

பழைய படத்துக்கு எங்கே போறதுன்னு கேட்டா, முதல்ல வீட்டு ஆல்பத்தைத் திறங்க. 2007-க்கு முன்னாடி ராமேஸ்வரம் போன குடும்பப் படத்தில், தாத்தா பாட்டிக்குப் பின்னாடி மீட்டர்கேஜ் தண்டவாளம் தெரிஞ்சாலும் தெரியும்.